மூன்றாவது தட்டு

காலை ஆறேகாலுக்கு என் மகள் வஞ்சி மூன்று தட்டு எடுத்து வைப்பாள். ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு, ஒன்று ஜன்னல் ஓரத்து நாற்காலிக்கு முன்னால். பிறகு அந்த மூன்றாவது தட்டையே பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் இட்லியை எடுத்துக்கொண்டே மனதுக்குள் எண்ணுவேன். முப்பதைத் தாண்டும்போது அவள் புருவம் சுருங்கும். நாற்பதில் உதடு லேசாகப் பிரியும், ஏதோ கேட்கப்போகிற மாதிரி. நாற்பத்தைந்தில் காதுக்குப் பின்னால் இருக்கும் பொட்டு ஊதா நிறத்தில் ஒருமுறை மின்னும். முகம் சட்டென்று தெளிந்துவிடும்.

"அப்பறம் பாத்துக்கலாம்" என்று சொல்லி உட்கார்ந்து சாப்பிடுவாள். சாப்பிட்டு முடித்ததும் சாப்பிடாத அந்தத் தட்டையும் சேர்த்துக் கழுவி வைப்பாள். பதினான்கு மாதமாக இப்படித்தான்.

அந்தப் பொட்டுக்குப் பயிற்சி மையம் வைத்த பெயர் கவனச்சீராக்கி. பிள்ளைகள் ஸ்கிப்பர் என்பார்கள். நாமக்கல்லில் எங்களுக்கெல்லாம் அது தாண்டி. பதினோராம் வகுப்பில் சேர்ந்த அன்று காதுக்குப் பின்னால் ஒட்டுவார்கள், பொதுத் தேர்வு முடிந்த அன்று எடுப்பார்கள். ஒரு விஷயம் மனதை நாற்பத்தைந்து நொடிக்கு மேல் பிடித்து வைத்தால் தாண்டி அதை ஊதாப் பட்டியலில் போட்டுவிட்டு மனதை அடுத்ததற்கு நகர்த்தும். வினாத்தாளில் மட்டும் இல்லை. நாள் முழுவதும். இரண்டு வருடம் முழுவதும். பழக்கம் உடம்பில் ஊறினால்தான் தேர்வு அறையில் கைகொடுக்கும் என்பது அவர்கள் கணக்கு.

எங்கள் பஸ் நிறுத்தத்தில் ஒருநாள் ஒரு நாய் அடிபட்டது. ஆளில்லா லாரி, நிற்காமல் போய்விட்டது. நிறுத்தத்தில் ஒன்பது பிள்ளைகள் நின்றிருந்தார்கள். ஒன்பது பேரும் ஐயோ என்று ஓடினார்கள், குனிந்தார்கள். ஒரு பெண் துப்பட்டாவைக்கூட உருவினாள். பிறகு ஒவ்வொரு தலையாக நிமிர்ந்தது, ராத்திரித் தெருவில் வீடு வீடாக விளக்கு அணைகிற மாதிரி. துப்பட்டாவைத் திரும்பப் போட்டுக்கொண்டு அந்தப் பெண் வேதியியல் சமன்பாடு ஒன்றை முணுமுணுத்தாள். வஞ்சியும் அங்கேதான் நின்றாள். நாய் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நானும் இன்னும் நான்கைந்து பெற்றோரும்தான் அதை ஓரமாகத் தூக்கிப் போட்டோம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

இவ்வளவு தெரிந்தும் ஏன் ஒட்டவிட்டேன் என்று கேட்பீர்கள். என் கதையைச் சொல்கிறேன். எனக்குப் பதினெட்டு வயதில் இதே தேர்வு. இயற்பியலில் கப்பிக் கணக்கு ஒன்று. இரண்டு எடை, ஒரு கயிறு. தெரிந்த கணக்குதான், ஏதோ ஒரு இடத்தில் இடறியது. விட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. பதினோரு நிமிடம் அதிலேயே கிடந்தேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பவே இல்லை. இரண்டு மதிப்பெண்ணில் மருத்துவ இடம் போனது. இன்றைக்கு ரத்த வங்கியில் பைகளுக்கு லேபிள் ஒட்டுகிறேன். வஞ்சிக்கு எண் எழுதக் கற்றுக்கொடுத்த நாளிலிருந்தே சொல்லி வளர்த்தேன்: "எதுலயும் மாட்டிக்காத கண்ணு. சுலுவா இருக்கறத மொதல்ல முடி. பெருசக் கடைசிக்கு வை." அவள் அப்பா கௌசிக் சிரிப்பார். "தன்யா, புள்ள அந்தக் கணக்குக்கு விடை என்னான்னு கேக்கப்போறா. நீ போட்டுப் பாத்தியா அதுக்கப்பறம்?" நான் போட்டுப் பார்க்கவே இல்லை.

கௌசிக் லாரிப் பட்டறையில் மென்பொருள் பார்த்துவந்தவர். போன வருடம் ஆவணியில் பட்டறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வஞ்சி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள். தாண்டி ஊதாவில் மின்னி மின்னி அணைந்தது. அவளை நகர்த்த முடியவில்லை. அப்போதுதான் என் போன் அடித்தது. பயிற்சி மையத்து ஆலோசகர் பெனாசிர்.

"மேடம், ரொம்ப வருத்தமா இருக்கு. இதெல்லாம் பெருநிகழ்வுல வரும். தாண்டி தானா எடுத்துக்காது, பெத்தவங்க ஒப்புதல் வேணும். நாளான்னிக்கு மாநில மாதிரித் தேர்வு. அதுல விட்டா முதல் அடுக்குல இருந்து எறங்கிடுவா."

"எறங்கட்டுங்க. அவ அப்பா செத்துக் கெடக்கறாருங்க."

"அழ வேண்டாம்னு சொல்லல மேடம். அப்பறம் அழட்டும்னு சொல்றேன். தேர்வு முடிஞ்சதும் மறுபார்வை இருக்கு. பட்டியலத் தெறந்து குடுத்துடுவோம். எதுவும் தொலையாது. தள்ளி வைக்கறோம், அவ்வளவுதான்."

அவள் கத்துகிற சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டது. அந்தச் சத்தம் நிற்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். உண்மையைச் சொன்னால் மாதிரித் தேர்வையும் நினைத்தேன். திரையில் கட்டைவிரலை வைத்தேன். உள்ளே சத்தம் பாதியில் நின்றது. வஞ்சி வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அம்மா, என் சார்ஜர் எடுத்துட்டு வந்தீங்களா?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு மையத்திலிருந்து ஒரு பட்டியல் வந்தது. போட்டோவை எடுத்துவிடுங்கள். சட்டைகளை வேறிடத்தில் வையுங்கள். அவர் பேச்சை எடுக்காதீர்கள். பிள்ளைக்கு முன்னால் அழாதீர்கள். அன்றாடப் பழக்கங்களை மட்டும் மாற்ற வேண்டாம். அதனால்தான் மூன்றாவது தட்டு தங்கிவிட்டது. நான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவளுக்கும் சேர்த்து அழுதேன். சித்திரை முடியட்டும், தேர்வு முடியட்டும், இரண்டு பேரும் உட்கார்ந்து அழுவோம் என்று நாட்காட்டியைக் கிழித்துக் கிழித்துக் காத்திருந்தேன். தேர்வு ஐப்பசிக்குத் தள்ளிப்போனது. அதுவரைக்கும் காத்திருந்தேன்.

தேர்வை நன்றாக எழுதினாள். வெளியே வரும்போதே சிரிப்பு. மறுபார்வை அறை பக்கத்துக் கட்டடத்தில். ஒரு மேசை, ஒரு திரை, பின்னால் பெற்றவர்களுக்கு ஒரு நாற்காலி. பெனாசிர் விதிமுறையைச் சொன்னாள்.

"இருபது நிமிஷம் மேடம். அதுக்கு மேல மூளை தாங்காது. சில்லறையெல்லாம் நாங்களே கழிச்சாச்சு. நூத்தி நாலுதான் பாக்கி. அவ எதத் தெறக்கறாளோ அது முழுசா அவகிட்ட திரும்பி வரும். நீங்க திரையத் தொடக்கூடாது, தொட்டா மூடிக்கும்."

"நேரத்துக்குள்ள முடிக்காததுங்க?"

"வெறுமையாப் போயிடும். மறந்துடாது மேடம். விஷயம் தெரியும். ஆனா அதுல மனசு நிக்காது. தாண்டி எடுத்தப்பறமும் நிக்காது."

இதை ஒட்டின அன்றைக்குச் சொல்லவில்லையே என்றேன். ஒப்புதல் படிவத்தில் இருக்கிறது என்றாள். இருந்திருக்கும்.

கடிகாரம் ஓடத் தொடங்கியது. வஞ்சி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. விரலால் பட்டியலை ஒருமுறை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். சிறியது மேலே, பெரியது கீழே என்று வரிசையை மாற்றினாள். முதலாவதைத் திறந்தாள்.

எதிர்வீட்டு வேப்பமரத்தை வெட்டியது. "அடப்பாவமே" என்றாள். முடிந்தது. தோழி ஹேமா பேசாமல் போனது. "அவ மேல தப்பில்ல, நாந்தான்" என்றாள். முடிந்தது. பஸ் நிறுத்தத்து நாய். கண்ணில் நீர் கொட்டியது, தோள் குலுங்கியது. அழுகிறாள், என் பிள்ளைக்கு அழத் தெரிகிறது! பத்து நொடி. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்ததைத் திறந்தாள்.

பன்னிரண்டு நிமிடம் பாக்கி இருக்கும்போது ஒன்றைத் திறந்ததும் நிறுத்தினாள். என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, பாத்ரூம்ல தண்ணியத் தெறந்துவிட்டுட்டு அழுதீங்களா?"

"ஆமா சாமி."

"எதுக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் திரையைப் பார்த்தாள். "ஓ, இது இன்னொண்ணோட சேந்திருக்கு. அதப் போட்டாத்தான் இது வரும். அப்பறம்."

"இப்பவே அதப் பாரு கண்ணு. கடைசில இருக்கு பாரு, அந்தப் பெருசு. அத மொதல்ல தெற."

"அது பெரிய கேள்விம்மா. எட்டு நிமிஷம் முழுங்கிடும். அந்த நேரத்துல சின்னது நாப்பது முடிச்சிடலாம்." வஞ்சி சிரித்தாள். "நீங்க சொல்லிக் குடுத்ததுதானே."

பெனாசிர் என் காதருகே குனிந்தாள். "நல்ல வேகம் மேடம். இந்த வருஷம் இப்படி யாரும் பண்ணல."

என்னால் முடியவில்லை. எழுந்து நின்று கத்திவிட்டேன். "வஞ்சி! அப்பா செத்துட்டாருடி! உங்கப்பா!"

அவள் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். நான் எண்ணவில்லை, ஆனால் எண் தானாக மனதில் ஓடியது. இருபது. முப்பது. புருவம் சுருங்கியது. நாற்பது. உதடு பிரிந்தது. ஆஸ்பத்திரியில் பாதியில் நின்ற அந்தச் சத்தத்தின் மிச்சம் அவள் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, என் காதால் கேட்டேன். காதுக்குப் பின்னால் ஊதா மின்னியது.

"அது வரிசைல கடைசில இருக்கும்மா" என்றாள் பொறுமையாக, நான்தான் அவசரப்படுகிற பிள்ளை என்பதுபோல. "நேரம் இருந்தா வர்றேன். இப்ப பேசாம இருங்க, நாப்பத்தஞ்சு நொடி வீணாப்போச்சு."

பேசாமல் உட்கார்ந்தேன். ஒன்றொன்றாக முடித்தாள். தொலைந்த பேனா. கணக்கு வாத்தியார் திட்டியது. தாவணி கட்டிப் பார்த்து நன்றாக இல்லை என்று கழற்றி வைத்தது. ஒவ்வொன்றிலும் சிரித்தாள், கோபப்பட்டாள், சிணுங்கினாள். இரண்டு வருடமாக நான் பார்க்காத என் மகள் பத்துப் பத்து நொடியாக வந்துவந்து போனாள். கடிகாரம் இரண்டு நிமிடம் என்றது. ஒன்று என்றது. அவள் கீழே இறங்கிக்கொண்டே வந்தாள். எனக்கு வேண்டிய வரிக்கும் அவள் விரலுக்கும் நடுவில் இரண்டு வரி இருந்தது. பிறகு ஒன்று.

திரை வெளுத்தது. 101/104. மிகச் சிறப்பு.

பெனாசிர் கை தட்டினாள். தாண்டியை உரித்து எடுத்துப் பஞ்சால் துடைத்தாள். இருந்த இடத்தில் தோல் வெளுத்து வட்டமாக இருந்தது. வஞ்சி அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே என் தோளில் சாய்ந்தாள்.

"மூணே மூணுதாம்மா விட்டேன். எதுலயும் மாட்டிக்கல பாத்தீங்களா?"

மறுநாள் காலை ஆறேகாலுக்கு எழுந்து வந்து இரண்டு தட்டு எடுத்து வைத்தாள். நான் அலமாரியிலிருந்து இன்னொன்றை எடுத்து ஜன்னல் ஓரத்தில் வைத்தேன். அவள் பார்த்தாள். மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். மூன்றைக்கூடத் தாண்டவில்லை.

"யாராச்சும் வர்றாங்களாம்மா?"

"அப்பாவுக்கு" என்றேன்.

"அப்பாதான் செத்துட்டாரேம்மா" என்று சொல்லிவிட்டு, சட்னிக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

பதினான்கு மாதமாக அவள் வாயிலிருந்து கேட்கக் காத்திருந்த வார்த்தை அது. அவள் சாப்பிட்டு முடித்துத் தன் தட்டையும் என் தட்டையும் கழுவி வைத்துவிட்டுப் போனாள். மூன்றாவது தட்டு அங்கேயே இருந்தது. அதை நான்தான் கழுவினேன்.