சத்தியம் சாரின் ரத்தக் குழாய்கள்

வலது மார்பைப் பிடித்துக்கொண்டுதான் அவர் சாய்ந்தார். இதயம் எந்தப் பக்கம் என்பது பாதி வழியில் நினைவுக்கு வர, கை நைசாக இடது பக்கம் நகர்ந்தது. மகள் அதைக் கவனிக்கவில்லை. பயணப் பெட்டியை அப்படியே போட்டுவிட்டு, "அப்பா!" என்று ஓடிவந்தாள். அவளுடைய வெளிநாட்டு வேலை வாசற்படியோடு நின்றது.

வேலை பார்த்த காலமெல்லாம் காலைக் கூட்டத்தில் வாய்மையைப் பற்றியே பேசித் தீர்த்த தலைமையாசிரியர் அவர். ஊருக்கே சத்தியம் சார். இப்போது முதுகுப்பக்கம் முடிச்சுப் போட்ட பச்சை அங்கியோடு, எலும்பில் இறங்கும் குளிரில், ஆஞ்சியோ மேசைமேல் கிடந்தார். ஸ்பிரிட் வாடை மூக்கில் ஏறியது. எக்ஸ்ரே இயந்திரம் முனகியபடி இப்படியும் அப்படியும் கழுத்தைத் திருப்பி அவர் நெஞ்சை மோப்பம் பிடித்தது. மரத்துப்போன மணிக்கட்டு வழியே நுழைந்த குழாய் தோளைத் தாண்டி உள்ளே போவதைத் திரையில் அவரே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஓர் அடைப்பு இருந்துவிட்டால் போதும், சின்னதாக, கௌரவமாக, என்று வேண்டிக்கொண்டார்.

மருந்து சூடாகப் பாய்ந்தது. திரையில் கறுப்புக் கிளைகள் விரிந்தன.

"என்ன சார் இது, கண்ணாடி மாதிரி இருக்கு!" என்றார் டாக்டர். "இருபது வயசுப் பையனுக்குக்கூட இப்படி இருக்காது."

"நல்லாப் பாருங்க டாக்டர். எங்கயாவது ஓரமா..."

"இல்லாததை எங்க சார் போய்த் தேடுறது?"

முகக்கவசத்துக்கு மேலே நர்ஸின் கண்கள் சிரித்தன. அவருக்குக் காதுமடல் வரை எரிந்தது.

டாக்டர் குழாயை உருவினார். அது ஈரமாகச் சுருண்டு தட்டில் விழுந்தது. மணிக்கட்டில் பட்டை இறுகியது. "முடிஞ்சுது. பொண்ணுகிட்ட படத்தைக் காட்டிடறேன்" என்று பக்கத்து அறைக்குப் போனார்.

அப்போது தோளுக்குள் ஏதோ நகர்ந்தது.

தட்டைப் பார்த்தார். குழாய் அங்கேதான் கிடந்தது. உள்ளே இன்னொன்று, இருட்டில் சுவரைத் தடவி நடப்பவனைப்போல, நெஞ்சை நோக்கி இறங்கியது.

"சிஸ்டர்... வலிக்குது."

நெஞ்சில் ஒட்டியிருந்த கம்பிகளைப் பிய்த்துக்கொண்டிருந்த நர்ஸ் நிமிரவே இல்லை. "பொண்ணு டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிட்டாங்களாம் சார். இனிமே வலிக்க வேண்டாம்."

கம்பிகளைச் சுருட்டிக்கொண்டு அவளும் போய்விட்டாள்.

தடுப்புக் கண்ணாடிக்கு அப்பால் மகள். டாக்டர் விரலால் சுட்டிச் சுட்டிக் காட்டினார். அவள் முகத்தில் முதலில் நிம்மதி. பிறகு யோசனை. பிறகு, மெதுவாக, வேறொன்று.

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். ஒலிபெருக்கி கரகரத்தது.

"இன்னும் வலிக்குதாப்பா?"

கத்தியிருக்கலாம். வாய் திறந்தது. அந்தக் கண்கள்.

"இல்லம்மா."

அவள் திரும்பிக்கொண்டாள்.

எக்ஸ்ரேயின் முனகல் எப்போதோ அடங்கியிருந்தது. தலைக்கு மேலே திரை மட்டும் அணையவில்லை. கறுப்புக் கிளைகள் துடித்தன. நடுவே மெல்லிய குழாய் ஒன்று. வெளியே அதன் மறுமுனையைப் பிடித்திருக்க யாருமில்லை. தலையைத் திருப்பி, நிதானமாக, ஒரு கிளைக்குள் நுழைந்தது.

அந்தக் கிளை அழிந்தது.

அடுத்தது.