வெள்ளிக்கிழமை வாசம்

சின்னமனூர் பைபாஸில் இருக்கும் ரபீக்கின் ஒர்க்ஷாப்புக்கு யுவராணி தன் பழைய ஆம்னி வேனை ஓட்டிவந்தபோது, ஜெபஷீலா அங்கே நொறுங்கிய கார் ஒன்றைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்துக்கொண்டிருந்தார். அவர் இன்சூரன்ஸ் சர்வேயர். அடிபட்ட வண்டியையும் எரிந்த வண்டியையும் பார்த்து, அது எப்படி ஆயிற்று என்று எழுதுவது அவர் வேலை. பொய்யர்களோடு இருபது வருஷம் பழகியவர், ஆகையால் யார் மேலும் கோபப்படுவதில்லை. ரபீக் அவருக்கு நேர் எதிர். வண்டியில் ஒரு நட்டு காணாமல் போனாலும் அவனுக்கு அது சதிதான்.

"பெட்ரோல் வாசம்ண்ணே," என்றாள் யுவராணி இறங்குவதற்குள்ளேயே. "வெள்ளிக்கிழமை காலையில மட்டும் அடிக்குது. மத்த நாள்ல மோந்து பாத்தாலும் இல்ல. ரெண்டு ஒர்க்ஷாப்புல காட்டிட்டேன். டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, ஒண்ணுமில்லைன்னு சிரிக்கிறாக."

"பெட்ரோல் திருட்டு!" என்றான் ரபீக் உடனே. "ராத்திரி எவனோ டியூப் போட்டு உறிஞ்சுறான்."

"திருடனுக்கு வெள்ளிக்கிழமைதான் முகூர்த்தமா?" என்று கேட்டார் ஜெபஷீலா, கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ரபீக் முன்சீட்டைத் தூக்கினான். இந்த வேனில் எஞ்சின் சீட்டுக்கு அடியில்தான். பெட்ரோல் போகும் ரப்பர் ஹோஸில் வெடிப்பில்லை, பில்டரும் கார்பரேட்டரும் காய்ந்து கிடந்தன. அவன் முகம் வாடியது. ஜெபஷீலா வந்து குனிந்து பார்த்தார்.

"ஹோஸை இறுக்குற கிளிப்பைப் பாருங்க ரபீக். மத்ததெல்லாம் துரு. அந்த ஸ்குரூவோட தலை மட்டும் பளபளன்னு இருக்கு."

"அந்த ஒர்க்ஷாப்காரங்க திருகியிருப்பாங்க மேடம்."

"அவுக தொடவே இல்லண்ணே," என்றாள் யுவராணி. "எங்கண்ணன்தான் சீட்டைத் தூக்கி உள்ள கைவிட்டுப் பாக்கும். வாசம் அடிச்சா மொதல்ல அதுதான் பாக்கும். அப்புறம் வாசம் வராது."

ஜெபஷீலா கேமராவை மூடி வைத்துவிட்டு மூன்று டீ சொன்னார்.

டீ ஆறுவதற்குள் கதை வந்துவிட்டது. வீடு மார்க்கையன்கோட்டையில். ஓடைப்பட்டியில் ஒரு திராட்சைத் தோட்டம். அப்பாவும் யுவராணியும்தான் பந்தல் போட்டு, மருந்தடித்து, அதைக் காப்பாற்றினார்கள். அண்ணன் வேல்பாண்டி திருப்பூரில் இருந்தான். அப்பா சாகும்போது தோட்டத்தையும் வேனையும் மகள் பேரில் எழுதிவைத்துவிட்டார். அதன் பிறகு அண்ணனுக்கு ஊர்ப்பாசம் பொங்கி, பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினான்.

"ஆனா நல்லாத்தான் இருக்கு எங்கண்ணன்," என்றாள். "வியாழக்கிழமை சாயங்காலம் வேனைக் கழுவி வைக்கும். தெருவுல எல்லார்ட்டயும் சொல்லும், இந்த ஓட்ட வண்டி எந்தங்கச்சியக் கொல்லப்போகுது, வித்துத் தொலைன்னா கேக்க மாட்டேங்கிறாளேன்னு."

"வெள்ளிக்கிழமைக்கு எதுக்குக் கழுவணும்?"

"அப்பா வழக்கம்க்கா. வெள்ளிக்கிழமை காலையில வண்டிக்குப் பூ வச்சு, முன்சக்கரத்துக்குப் பக்கத்துல செங்கல்லு மேல சூடம் கொளுத்துவாக. இப்ப நான் வெறும் பூ மட்டும்தான் வைக்கிறேன். செத்த வீடு, வருஷம் திரும்புற வரைக்கும் சூடம் கூடாதுன்னு ஆத்தா சொல்லிருச்சு. போன வாரம் வருஷத் திதி முடிஞ்சது. வர்ற வெள்ளிக்கிழமை மொத சூடம். நாந்தான் கொளுத்தணுமாம், ஆத்தா உத்தரவு."

"ஆத்தாவுக்கு இந்த வாசம் தெரியுதா?"

"அதுக்குக் காய்ச்சல் வந்ததுல இருந்து மூக்கு வேலை செய்யாதுக்கா. சோறு தீயுறதே தெரியாது. பாவம், இப்ப முட்டி வலி வேற. முன்னெல்லாம் வெள்ளிக்கிழமை என்னோடதான் கோயிலுக்கு வரும். இந்த வேன்ல ஏற முடியலைன்னு இப்ப பஸ்ல போகுது."

ஜெபஷீலா வேனின் படியைப் பார்த்தார். பைபாஸில் போன டவுன் பஸ்ஸையும் பார்த்தார். அவளுக்கு இரண்டு காரியம் மட்டும் சொன்னார். வெள்ளிக்கிழமை விடிந்ததும் யாருக்கும் தெரியாமல் சீட்டுக்கு அடியில் ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும். தாம் வரும் வரை வண்டிக்குப் பக்கத்தில் ஒரு குச்சி கிழிக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை படம் வந்தது. கிளிப் நெகிழ்ந்திருந்தது. எஞ்சினுக்குக் கீழே தரை நனைந்திருந்தது. ரபீக் அதைப் பார்த்துவிட்டு, ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் வேல்பாண்டியின் பல்லைத் தட்ட வேண்டும் என்றான். ஜெபஷீலா ஸ்டேஷனுக்குப் போன் செய்துவிட்டு, கைப்பையில் ஒரு தீப்பெட்டியை எடுத்துப் போட்டுக்கொண்டு, ரபீக்கையும் அழைத்துக்கொண்டு கிளம்பினார்.

மார்க்கையன்கோட்டையில் வேன் சந்தனப் பொட்டும் கதம்பமுமாக நின்றது. தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு வேடிக்கை பார்த்தது. வேல்பாண்டி எதிர்வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "இன்னைக்கும் வாசம் அடிக்குது பாருங்க, சொன்னா கேக்குறாளா?" என்று எல்லாரையும் சாட்சிக்கு அழைத்தான். தாயார் பஞ்சம்மாள் சூடத் தட்டோடு நிலைப்படியிலேயே நின்றாள்.

"இன்சூரன்ஸ் புதுப்பிக்கணும், வண்டியப் பாக்க வந்தேன்," என்றார் ஜெபஷீலா. "நல்ல நேரத்துலதான் வந்திருக்கேன். மூத்த பிள்ளை நீங்கதானே? நீங்களே கொளுத்துங்களேன்."

"இல்ல மேடம், அவ வண்டி. அவதான் கொளுத்தணும்."

"சரி, பக்கத்துலயாவது நில்லுங்க. அப்பா வண்டிக்கு மொத சூடம், பிள்ளை எதிர்வீட்டுல நின்னா நல்லாவா இருக்கு?"

தெரு பார்த்துக்கொண்டிருந்தது. வேல்பாண்டி வந்தான், வண்டிக்கு ஓர் எட்டு தள்ளி நின்றான். யுவராணி தாயின் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டு முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். படம் வந்த பிறகு போனில் அவளுக்கு அண்ணனைப் பற்றி மட்டும்தான் சொல்லியிருந்தார்கள்.

ஜெபஷீலா தீப்பெட்டியைத் திறந்து, குச்சியை எடுத்துச் சரக்கென்று உரசினார்.

"ஏலே, தள்ளி வாடா!"

பஞ்சம்மாள் முட்டி வலியையெல்லாம் மறந்து படியிலிருந்து பாய்ந்தாள். மகனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தெருவின் அந்தக் கோடிக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். மகளைத் தாண்டித்தான் ஓடினாள். சேலைத் தலைப்பு மகள் முகத்தில் பட்டது.

தீ வரவில்லை. அந்தப் பெட்டியில் இருந்ததெல்லாம் எரிந்த குச்சிகள்.

ரபீக் ஓடிப்போய் சீட்டைத் தூக்கிக் கிளிப்பை இறுக்கி, தரையில் மண்ணை அள்ளிக் கொட்டினான். ஜெபஷீலா கறுத்த குச்சியைப் பெட்டிக்குள்ளேயே திரும்ப வைத்தார்.

"திருப்பூர்ல இருந்ததால, செத்த வீட்டுல ஒரு வருஷம் சூடம் கிடையாதுன்னு உங்களுக்கு நெனப்பு இல்ல," என்றார் வேல்பாண்டியிடம். "மொத வெள்ளிக்கிழமை கிளிப்பை நெகிழ்த்திட்டுக் காத்திருந்தீங்க. வெறும் பூவோட முடிஞ்சுபோச்சு. அப்புறம் யாரோ உங்களுக்கு வழக்கத்தைச் சொன்னாங்க. நீங்களும் புத்தியா அதையே தொடர்ந்தீங்க. வாரா வாரம் தெருவுக்கே வாசம் காட்டுறது, ஒர்க்ஷாப் போறதுக்கு முன்னாடி இறுக்கிடுறது. பழைய வண்டி, சொல்லியும் கேக்கல, எரிஞ்சுபோச்சு. அந்தக் கேஸ் எங்கிட்டதான் வந்திருக்கும். இத்தனை சாட்சி இருந்தா நானே விபத்துன்னு கையெழுத்துப் போட்டிருப்பேன்."

"பழைய வண்டி மேடம், அதுவா லூசாகும்," என்றான் வேல்பாண்டி.

"வியாழக்கிழமை லூசாகி, வெள்ளிக்கிழமை நீங்க கைவிட்டதும் தானா இறுகுமா?"

அதற்குள் ஸ்டேஷன் ஜீப் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது.

"ஆத்தாவப் பத்தி முன்னாடியே தெரியுமா மேடம்?" என்று ரபீக் மெல்லக் கேட்டான்.

"பஸ் படி இந்த வேன் படியை விட ரெண்டு மடங்கு உயரம். முட்டி வலிக்கிறவ எதுக்கு அதுல ஏறணும்?"

"அந்தப் பிள்ளைக்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா என்னைத்தான் திட்டியிருப்பா."

யுவராணி இன்னும் தட்டைக் கீழே வைக்கவில்லை. தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒனக்குத்தான் வாசமே தெரியாதே ஆத்தா."

பஞ்சம்மாள் அழுதாள். மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். "அவன் ஒத்த ஆம்பளப் பிள்ளைடி. கொள்ளி வைக்க எனக்கு வேற யாரு இருக்கா? நீ நாளைக்கு ஒருத்தன் வீட்டுக்குப் போறவதானே," என்றாள். இதைச் சொல்லும்போது அவள் குரலில் வெட்கமே இல்லை.

ரபீக் புது ஹோஸும் புதுக் கிளிப்பும் மாட்டினான். நனைந்த மண்ணை வாரி எடுத்து, தரையைக் கழுவி, குனிந்து மோந்து பார்த்தான். வாசம் போய்விட்டிருந்தது. அப்புறம் வேனை நல்ல தரைக்குத் தள்ளி நிறுத்தினான். யுவராணி தானே சூடம் கொளுத்தி, மூன்று சுற்றுச் சுற்றி, திருநீறு பூசிக்கொண்டாள். ஓடைப்பட்டியில் மருந்தடிக்க ஆள் வந்து காத்திருப்பார்கள்.

அவள் சாவியைப் போட்டதும் பஞ்சம்மாள் வந்து கதவைப் பிடித்துக்கொண்டாள். "யுவராணி, ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுபோய் விடுத்தா. அவன் காலையில ஒண்ணுமே சாப்பிடல."

யுவராணி அந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

"பஸ் வரும் ஆத்தா. அதுல ஏறித்தான் ஒனக்குப் பழக்கமாயிருச்சே," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.