தராசின் அடியில் ஈயம்

காலை ஏழு மணி. காய்கறிக்காரியின் தராசைத் தூக்கிப் பார்த்த சந்தை மேலாளருக்கு முகம் சுருங்கியது. ஒரு தட்டின் அடியில் தாரில் ஒட்டிய ஈயக் கட்டி. யாரோ தொலைபேசியில் சொன்ன துப்பு அப்படியே பலித்துவிட்டது. கள்ளத் தராசு வைத்தால் கடை உரிமை பறிபோகும். கடை ஏலத்துக்குப் போகும்.

எடை ஆய்வாளர் அம்மாள் வந்தபோது காய்கறிக்காரி அழவில்லை. எதிரே நின்ற கொழுந்தனை எரித்துவிடுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இவன்தான் மேடம். தள்ளுவண்டியில காய் விக்கிறான். அண்ணன் செத்ததுலேர்ந்து கடை மேலேயே கண்ணு.”

“வாய்க்கு வந்தபடி பேசாதீங்க அண்ணி.”

“ராத்திரி தராசு எங்க இருக்கும்?” என்றார் ஆய்வாளர்.

“இங்கேயேதான். சாக்கு போட்டு மூடிட்டுப் போவேன்.”

யார் வேண்டுமானாலும் தொட்டிருக்கலாம். ஆய்வாளரின் பார்வை கூட்டத்தை ஒரு சுற்று சுற்றியது.

பக்கத்துக் கடைப் பழைய இரும்புக்காரர் கேட்காமலே வாய் திறந்தார். “இந்த இடம் காலியானா சுவரை இடிச்சு என் கடையைப் பெரிசாக்கிக்குவேன், மறைக்கல. ஆனா தொழில்ல நாணயம் வேணுங்க.”

ஆய்வாளர் மேலாளர் பக்கம் திரும்பினார். “கட்டி எந்தத் தட்டுல?”

“எடைக்கல் வைக்கிற தட்டுல,” என்றார் மேலாளர்.

அரைக் கிலோ கல்லுக்குத் தக்காளியை நிறுத்தார் ஆய்வாளர். அதையே தன் மின்தராசில் வைத்தார். அரைக் கிலோவைத் தாண்டியது.

“வாங்க வந்தவங்களுக்குக் கூடுதலாத்தான் போகுது. தன் வயித்துல தானே அடிச்சுக்கிற வியாபாரி உண்டா?”

“அப்ப கொழுந்தன்தான்...” என்று இழுத்தார் மேலாளர்.

“அவரும் காய் நிறுத்து விக்கிறவர். ஏமாத்துற மாதிரி காட்டணும்னா காய்த் தட்டுலதான் ஒட்டியிருப்பார். கல் தட்டுல ஒட்டினா நிறுத்து வாங்கறவங்களுக்குத்தான் லாபம்.” அவர் திரும்பினார். “இந்த வரிசையில எடை போட்டு வாங்கற கடை ஒண்ணே ஒண்ணுதான்.”

இரும்புக்காரருக்கு முகம் வெளிறியது. அவருடைய கடைத் தராசைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். கல் தட்டின் அடியில் அதே ஈயம், அதே தார்.

“பழகின கை. தன் கடை வழக்கத்தை இங்கேயும் காட்டிடுச்சு.”

“ஒரு தடவை விட்டுடுங்க மேடம். இருபது வருஷப் பொழப்பு.”

“அவங்களோடதும் பொழப்புதானே?” என்ற ஆய்வாளர், இரும்புக் கடைச் சாவிக்குக் கை நீட்டினார்.

கூட்டம் கலைந்தது. கொழுந்தன் தலை குனிந்தபடி நகரப் பார்த்தான்.

“எங்க போற?” என்றாள் காய்கறிக்காரி. “வெங்காய மூட்டை பிரிக்காமக் கிடக்கு. ஒரு கை கொடு தம்பி.”