கைப்பிடிக்குக் காது இல்லை

காலையில் ஓசை வண்டி தெருமுனையில் வந்து நிற்கும். குழந்தைகள், இருமுகிறவர்கள், தனக்குத்தானே பேசிக்கொள்கிறவர்கள் என்று வீட்டில் சத்தம் எழுப்பக்கூடிய எல்லோரும் அதில் ஏறிக்கொள்வார்கள். வேலை பார்ப்பவர்கள் வாசலில் நின்று கையசைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். பகலெல்லாம் ஓசை இல்லத்தில் இருப்பவர்களை மாலையில் வண்டி திரும்பக் கொண்டுவந்து இறக்கும்.

தூத்துக்குடியில் ஜெசிந்தாவின் வீட்டிலிருந்து ஏறுகிறவன் அவள் தம்பி மேக்ஸ்வெல். முப்பது வயது. சோறு வடிப்பான், துணி துவைப்பான், கதவைப் பூட்டிக்கொண்டு பத்திரமாக இருப்பான். ஆனால் கண்ணில் படுவதையெல்லாம் கிரிக்கெட் வர்ணனையாகச் சொல்லிக்கொண்டே இருப்பான்.

"நேயர்களே, அக்கா இட்லிய எடுக்கிறா... நழுவுது... பிடிச்சிட்டா! அபாரமான கேட்ச்!"

"ஏலே, வண்டி வந்துட்டு. செருப்ப மாட்டு."

"ஆட்டம் உணவு இடைவேளைக்காக நிறுத்தப்படுகிறது" என்று அறிவித்துவிட்டு அவன் போவான்.

இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் செவிச்சுவர். ஒவ்வொரு வீட்டிலும் வேலை அறையின் ஒரு சுவர் முழுக்கக் காதுதான். அறுவைக் கத்தியோ, ரயிலோ, துறைமுகக் கிரேனோ, எல்லாம் எங்கோ தொலைவில் இருக்கும். வீட்டில் இருப்பவர் சுவரில் தெரியும் காட்சியைப் பார்த்து வாயால் சொல்ல, சுவர் கேட்டு, இயந்திரத்துக்கு அனுப்பும். 'தூக்கு' என்றால் தூக்கும், 'விடு' என்றால் விடும். சுவருக்கு ஆளின் குரல் தெரியும்தான். ஆனால் ஒரே வீட்டில் வளர்ந்தவர்களின் குரல்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். எங்கோ ஓர் அக்கா சுமையைத் தூக்கிக்கொண்டிருந்தபோது, தங்கை பூனையைப் பார்த்து "விடு" என்று கத்த, சுமை விழுந்தது. அதற்குப் பிறகுதான் வீடுகளுக்கு அமைதித் தரம் வந்தது. பகலில் மட்டும் அமைதியான வீடு இரண்டாம் தரம், இரவும் பகலும் அமைதியான வீடுதான் முதல் தரம்.

தரம் வந்ததும், யார் என்ன படிக்கலாம் என்பதை வீடே முடிவு செய்யத் தொடங்கியது. தாத்தாவுக்கு இருமல் என்றால் பேத்தி மருத்துவத்தை மறந்துவிட வேண்டியதுதான். கைக்குழந்தைக்காரிக்குக் குரல் தேவைப்படாத, படங்களுக்குக் குறிப்பு எழுதும் வேலைதான். பெண் பார்க்க வருகிறவர்கள், "வீட்டுல யாராச்சும் குறட்டை விடுவாங்களா?" என்று முதலில் கேட்டார்கள்.

ஜெசிந்தாவும் இத்தனை வருடம் சரக்குப் படங்களுக்குத்தான் குறிப்பு எழுதினாள். ஆனால் கிரேன் தேர்வில் இந்த முறை அவள்தான் முதல். பழைய கிரேன்களின் கையேடுகளைக்கூட விடாமல் படித்திருந்தாள். நியமன ஆணை வந்த அன்றே துறைமுக அதிகாரி தர்மக்கண் சுவரில் தோன்றினார். அவரும் அவர் வீட்டில்தான் இருந்தார்.

"வாழ்த்துகள்மா. கப்பல் நேரங்காலம் பாத்து வராது. அதனால வீடு எந்நேரமும் முதல் தரத்துல இருக்கணும். தம்பிய ஓசை இல்லத்துலயே தங்க வச்சிருங்க."

"ராத்திரியும் அங்கயேவா சார்?"

"மாசத்துக்கு ஒருக்கா பாக்கலாம். எங்கம்மாவும் அங்கதாம்மா இருக்காங்க." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "நாளைக்குள்ள அனுப்பலைன்னா வேலை அடுத்த ஆளுக்குப் போயிரும்."

"சார், கிரேன் உச்சியில ஒரு கண்ணாடி அறை இருக்கே, அது எதுக்கு?"

"ரிப்பேருக்கு. அந்தக் காலத்துல அங்க உக்காந்துதான் ஓட்டுவாங்களாம். இப்ப யாரும்மா அங்க போவா?"

"போகக்கூடாதுன்னு விதி இருக்கா?"

தர்மக்கண் தேடிப் பார்த்தார். "அப்படி ஒண்ணும் இல்ல. யாராச்சும் போவாங்கன்னு யாருக்கும் தோணியிருக்காது. விளையாடாதீங்கம்மா."

மறுநாள் ஓசை வண்டி வந்தபோது மேக்ஸ்வெல் கதவுக்கு உள்ளே நின்றான். ஜெசிந்தா சாப்பாட்டுப் பையோடு வெளியே வந்து வண்டியில் ஏறினாள்.

ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். "என்னக்கா, உங்களுக்கா இருமல்?"

"இல்லண்ணே. துறைமுக வாசல்ல எறக்கி விடுங்க. வேலைக்குப் போறேன்."

வண்டி முழுவதும் சிரித்தது. ஒரு குழந்தை மட்டும், "வேலை வெளியவா இருக்கு?" என்று கேட்டது.

கிரேனின் ஏணி துருப்பிடித்திருந்தாலும் உறுதியாக இருந்தது. கண்ணாடி அறையில் ஒரு நாற்காலி, இரண்டு கைப்பிடிகள், ஒரு திருகு. கையேட்டில் படித்தது போலவே, திருகைத் திருப்பினால் தொலைக்கட்டளை துண்டிக்கப்படும். அதன்பின் கைப்பிடியை முன்னால் தள்ளினால் வடம் இறங்கும், இழுத்தால் ஏறும், நடுவில் நிறுத்தினால் அப்படியே பிடித்துக்கொள்ளும். அது கைக்கு மட்டுமே கட்டுப்படும். இடையில் சுவர் இல்லை.

அவள் முதல் கன்டெய்னரைத் தூக்கியபோது வயர்லெஸ்ஸில் தர்மக்கண்ணின் குரல் அலறியது.

"யாரும்மா மேல? ஜெசிந்தாவா? கீழ எறங்குங்க!"

"ஆர்டர் என் பேர்ல இருக்கு சார். கப்பல் காத்துக் கிடக்கு. பெட்டிய எறக்கவா, நான் எறங்கவா?"

"தம்பிய அனுப்பினீங்களா?"

"இல்ல. அவன் வீடு அது, இருப்பான். சத்தம் ஆகாதுன்னுதான சொன்னீங்க? வேலைய வெளிய கொண்டுவந்துட்டேன். ஆள அனுப்ப முடியாது."

"சுவர் இல்லாம எப்படிம்மா..."

"கேளுங்க சார்." அவள் வீட்டு இணைப்பைத் திறந்து ஒலியை முழுதாகக் கூட்டினாள். துறைமுகக் காட்சியை வீட்டுச் சுவரில் பார்த்துக்கொண்டிருந்த மேக்ஸ்வெல்லின் குரல் கண்ணாடி அறையை நிறைத்தது.

"நேயர்களே, அக்கா கிரீஸை விட்டு இறங்கி வந்துட்டா! தூக்கிட்டா! பெட்டி கடலுக்கு மேல நிக்குது! அக்கா, விடு! விடுக்கா! விடு!"

வயர்லெஸ்ஸில் தர்மக்கண் மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது.

பெட்டி அசையவில்லை. காற்றில் லேசாகத் திரும்பி, அவள் கைக்காகக் காத்திருந்தது.

அவர் கேட்டார். "அந்தக் கண்ணாடி அறை... எல்லாக் கிரேன்லயும் இருக்காம்மா?"

"கிரேன்ல மட்டுமா சார்? ரயில்லயும் இருக்கு. ஆஸ்பத்திரியிலயும் கத்திக்குப் பக்கத்துல ஆள் நிக்க இடம் இருக்கு. போய்த்தான் பாக்கணும்."

பிறகு வீட்டு இணைப்பின் பக்கம் திரும்பினாள்.

"ஏலே மேக்ஸு, நிறுத்தாத. இன்னும் சத்தமாச் சொல்லு."