கடைத்தெருவில் பாதி வழி

மழை... விடாத நவம்பர் மழை.

"ஏறுங்க சார், சீக்கிரம்!" ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியைப் பிடித்தபடி, தலை நிமிராமல் சொன்னாள் லெனோரா ஹாலிஸ்டர்.

பந்தயம் கட்டியது அவள் அப்பா. ஜனாதிபதித் தேர்தலில் தன் குடியரசுக் கட்சி தோற்றால், எதிர்க்கட்சிக்காரரான கிழவர் கிரேடியைக் கடைத்தெரு நெடுக, வங்கி வாசல்வரை தள்ளிப்போவதாக முடிதிருத்தும் கடையில் சவால் விட்டிருந்தார். தோற்காது என்றே அயோவா மாநிலம் முழுவதும் பேச்சு. தோற்றது. அவருக்கோ இடுப்புப் பிடிப்பு. சொன்ன சொல்லை மீறிய ஹாலிஸ்டர் எவரும் இந்த ஊரில் பிறந்ததில்லை. மகள் வந்து நின்றாள்.

"கிரேடி சித்தப்பாவுக்குக் கால் வீக்கம்ங்க. அவருக்குப் பதிலா நான்... வெர்னன்."

நிமிர்ந்தாள். மழை சொட்டும் இமைகளுக்குக் கீழே சிரிக்கும் சாம்பல்நிறக் கண்கள்... ஐயோ, கிழவர் இல்லையே!

ஊர் கைதட்ட, வண்டி நகர்ந்தது.

"என்ன கனம்! உங்க கட்சியில நல்லா தீனி போடுவாங்களோ?"

"உங்க கட்சி ஜெயிச்சிருந்தா நான் உங்களைத் தள்ளியிருப்பேன்ல?"

"ஆசைதான்! அப்பாவே தொப்பி வச்சுக்கிட்டு ஜம்முனு உக்காந்திருப்பாரு. நான் வீட்டுல பியானோ வாசிச்சுட்டு இருந்திருப்பேன்."

"அப்போ... நாம பார்த்திருக்கவே மாட்டோமா?"

பாதையை மறந்து அவனைப் பார்த்தாள். சக்கரம் குழியில் இறங்க, இருவரும் சேற்றில்!

பின்னாலேயே வந்த காரிலிருந்து இடுப்பைப் பிடித்தபடி அப்பா இறங்கினார். "போதும். இனிமே அந்த வீட்டுப் பையனோட உனக்குப் பேச்சே கிடையாது."

இரண்டு நாள் அவள் பியானோவைத் தொடவில்லை. அந்தக் கண்கள்...

சனிக்கிழமை, கழுவித் துடைத்த தள்ளுவண்டியோடு வாசலில் வெர்னன்.

"மன்னிக்கணும் சார். பந்தயம் வங்கி வாசல்வரைக்கும். பாதி வழியிலயே கவுந்துட்டோம்."

அப்பாவின் முகம் சிவந்தது. மீசை துடித்தது.

"லெனோரா... கோட்டை மாட்டிக்கோ. நம்ம வீட்டு வாக்கு பாதியில நிக்கக் கூடாது."

வங்கி வாசலில் வெர்னன் இறங்கினான். "இப்போ நீங்க ஏறுங்க மிஸ் ஹாலிஸ்டர். உங்க கட்சிதான் ஜெயிச்சுதுன்னு வச்சுக்குவோம்."

"வேணாம்..."

"ஏன்?"

மழைத்துளி அவள் இமையில் நடுங்கியது.

"ஜெயிச்சிருந்தா... உங்களைப் பார்த்திருக்க மாட்டேனே. தோத்ததே நல்லதுன்னு இருக்கு எனக்கு. அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க!"