கம்பளிக் காலுறைகள்

வீட்டு நடையில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் தரை சூடாக இருந்தது.

விறகைத் தூக்கிக்கொண்டு வந்த ஒப்ரெனின் இடது செருப்பு நழுவி, பாதம் டைல் மேல் பட்டபோதுதான் அது தெரிந்தது. ஜனவரி மாதம். வீட்டிலேயே அதிகம் குளிர்கிற இடம் அந்த நடைதான். முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாய் வைத்திருக்கும் இடம், மூச்சு விட்டால் புகையாகத் தெரியும் இடம். குனிந்து கையால் தொட்டுப் பார்த்தான். டைல் முழுவதும் சூடாக இல்லை. நீளவாக்கில் ஒரு வடிவம், நடுவில் ஒடுங்கி, நுனியில் ஐந்து சின்ன வட்டங்கள். பக்கத்திலேயே இன்னொன்று. இரண்டும் சுவரைப் பார்த்தபடி இருந்தன.

ஒப்ரென் மூக்கால் சிரித்தான். தனக்குப் புரியாத எதற்கும் அவன் தரும் மரியாதை அதுதான். காட்டிலாகாவில் காவலராக இருந்த காலம் முழுவதும், கரடியைப் பார்த்தேன் என்று ஓடி வந்தவர்களையும் மேலதிகாரிகளையும் பாதிரியாரையும் டாக்டர்களையும் அந்த ஒரே சிரிப்பால் அனுப்பி வைத்தவன். அடியில் ஏதாவது குழாய் ஓடும் என்று சொல்லிக்கொண்டான். அந்தத் தரையைப் போட்டவனே அவன்தான். அடியில் மண்ணைத் தவிர ஒன்றும் கிடையாது.

அது தாரிங்கா நிற்கிற இடம்.

அவன் மனைவிக்குத் தைராய்டு மந்தம். முகம் ஊதிப் போயிருந்தது, புருவம் பாதி உதிர்ந்திருந்தது, ஆடி ஓடி வேலை செய்தவள் பேசும்போதே தூங்கிவிழ ஆரம்பித்திருந்தாள். கோடையிலும் ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டாள். ஆனால் பொழுது சாய்ந்தால் கையும் காலும் எரிகிறது என்பாள். ஒப்ரெனுக்கு இதைக் கேட்டாலே எரிச்சல் வரும். உடம்பு குளிர்கிறதாம், கால் மட்டும் எரிகிறதாம், ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலைய வேண்டாமா? காலுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, நடையில் வெறுங்காலோடு, இரண்டு உள்ளங்கைகளையும் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்பாள்.

"நெருப்பு மேல நிக்கிற மாதிரி இருக்கு ஒப்ரென். தொட்டுத்தான் பாரேன்."

அவன் தொட்டுப் பார்ப்பான். "ஐஸ் கட்டியா இருக்கு. எங்கடி எரியுது?"

பிறகு மூக்கால் ஒரு சிரிப்பு.

அந்த மலையூரில் எல்லா நோயும் உள்ளங்கால் வழியாகத்தான் உள்ளே வரும். வெறுந்தரையில் நின்றால் போச்சு, கதவிடுக்குக் காற்று பட்டால் போச்சு. பல்வலியிலிருந்து மலட்டுத்தனம் வரை எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம் என்று படித்தவர்களே சொல்வார்கள். ஆகவே ஒப்ரென் பொறுப்புள்ள கணவனாக நடந்துகொண்டான். அவளைப் பிடித்து இழுத்து வந்து அடுப்பருகே நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே மண்டியிட்டு, "காலத் தூக்கு" என்பான். கம்பளிக் காலுறை ஒரு ஜோடி. அதற்கு மேல் இன்னொன்று. அதற்கும் மேல் இன்னொன்று. அவள் அழுவாள். இதமாக இருக்கிறது போலும் என்று அவன் எழுந்து போவான்.

உஷித்செ நகரத்து டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னாள். சுரப்பி மந்தமானால் நரம்பு கெடும், நரம்பு கெட்டால் இப்படித்தான் எரியும், மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டும், ஒரு மணி நேரத்துக்குக் காப்பி கூடாது. ஒப்ரென் அவளுக்கும் மூக்கால் ஒரு சிரிப்பு வைத்திருந்தான். கண் விழித்ததும் புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே உட்கார்ந்து காப்பி குடிப்பதுதான் அந்த ஊரில் குடித்தனம். கடுகளவு மாத்திரைக்காக அவன் தனியாகக் குடிக்க வேண்டுமா? மாத்திரையை அவளுடைய சாஸரில் அவனே எடுத்து வைப்பான். அவள் முதல் வாய்க் காப்பியோடு விழுங்குவாள். டாக்டரம்மா அளவைக் கூட்டினாள், மறுபடியும் கூட்டினாள், கடைசியில் சந்தேகப்பட்டு, காப்பியோடு சாப்பிடுகிறீர்களா என்று கேட்டாள். தாரிங்கா வாயைத் திறப்பதற்குள் ஒப்ரென், "பச்சத் தண்ணிதான்" என்றான்.

நவம்பர் முடிவில் ஒரு காலை அவள் எழுந்திருக்கவில்லை. காப்பி ஆறிப்போனது அன்றைக்குத்தான்.

விறகோடு அவன் சமையலறைக்குள் வந்தபோது, தாரிங்காவின் அக்கா ரூஷா கோதுமை வேகவைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் நாற்பதாம் நாள் பூசை. கோதுமையும் அக்ரூட்டும் சேர்ந்த இனிப்பு வாடை அறையெங்கும் கனத்திருந்தது.

"இன்னிக்குத்தான் மாப்பிள்ளே அவ கடைசியா வீட்டுக்கு வந்துட்டுப் போவா. ஒரு வார்த்தை சொல்லிடு."

"என்ன வார்த்தை?"

"உனக்கு எரிஞ்சுது, நான் நம்புறேன்னு. வேற என்னத்தக் கேட்டா அவ உங்கிட்ட?"

"செத்தவளுக்குக் கால் எரியுதுன்னு நான் சத்தியம் பண்ணணுமாக்கும். கோதுமையக் கிண்டு, அடி பிடிக்குது."

ரூஷா கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "நான் வர்றதுக்குள்ள பெட்டிய மூடிட்டே. சாக்ஸ் போட்டியாமே. மூணு ஜோடி. காலை மட்டும் மூடாதீங்கன்னு எங்கிட்ட எத்தனை தரம் சொல்லியிருப்பா தெரியுமா?"

"பின்னே? வெறுங்காலோட அனுப்பிட்டு ஊர் வாயில விழணுமா நான்? பனிக்கு அடியில படுக்கப் போறவ."

"நீ மனுஷனே இல்ல" என்றாள் ரூஷா, கோபம்கூட இல்லாமல். "இன்னிக்கு ராத்திரி இங்க இருக்காதே. எங்க வீட்டுல வந்து படு."

"பேய்க்குப் பயந்து பொண்டாட்டியோட அக்கா வீட்டுல ஒளிஞ்சான் ஒப்ரென்னு நாளைக்குக் கோயில் வாசல்ல எல்லாரும் சிரிக்கவா? போ, போ. பனி கொட்டப் போகுது."

அவள் கோதுமைப் பாத்திரத்தைத் துணியால் மூடிவிட்டுக் கிளம்பினாள். வாசலில் நின்று, கதவைத் தாழ் போடாதே என்றாள். அவள் தெருவைத் தாண்டுவதற்குள் ஒப்ரென் தாழ் போட்டான்.

நாலரை மணிக்கே இருட்டிவிட்டது. பனி கொட்டத் தொடங்கியதும் வழக்கம்போல மின்சாரம் போனது. மின்வாரியத்தை ஏசிக்கொண்டே அவன் அடுப்பின் இரும்புக் கதவைத் திறந்து வைத்து, அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் ஒரு கிளாஸ் பிளம் சாராயத்தோடு உட்கார்ந்தான். கூரையில் பனி சரிகிற சத்தம், விறகு வெடிக்கிற சத்தம், கோதுமை ஆறும்போது பாத்திர மூடி துணிக்கடியில் லேசாகக் கிணுங்குகிற சத்தம், எல்லாம் அவனுக்குப் பழகியவைதான். பிறகு பழகாத ஒன்று வந்தது. கம்பளி கருகுகிற வாடை. அடுப்பைச் சுற்றிப் பார்த்தான், தன் காலைப் பார்த்தான். எதுவும் கருகவில்லை.

நடையில் ஒரு சத்தம். ஈரமான உள்ளங்கால் டைலில் ஒட்டி, பிரிந்து, மறுபடியும் ஒட்டுகிற சத்தம். மெதுவாக வந்தது. சுவரருகே நின்றது.

"சாராயம் பேசுது" என்று சத்தமாகவே சொன்னான். கிளாஸில் வாய்கூட வைத்திருக்கவில்லை.

ஜன்னலுக்குப் போனான். கண்ணாடி முழுவதும் உறைபனி பூத்திருந்தது, இரண்டு இடங்களைத் தவிர. இரண்டு உள்ளங்கைத் தடங்கள். விரல்கள் ஊதியிருந்தன. பனி உருகி அந்தக் கைகளிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. அந்தக் கைத் தடம் வழியாகத்தான் அவன் பனி வெளிச்சத்தில் முற்றத்தைப் பார்த்தான். ரூஷாவின் பூட்ஸ் தடத்தைப் புதுப் பனி மூடிவிட்டது. அதற்கு மேல் வேறு தடங்கள். வெறுங்கால் தடங்கள். பனியில் பதியவில்லை அவை, பனியை அடிவரை உருக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் கறுப்பு மண். ஒவ்வொன்றிலிருந்தும் ஆவி. எல்லாம் கல்லறை மேட்டிலிருந்து வீட்டைப் பார்த்து வந்தன. திரும்பிப் போனது ஒன்றுகூட இல்லை.

எவனோ குடிகாரன், என்று நினைக்கப் பார்த்தான். நினைப்பு நிற்கவில்லை.

திரும்பினான்.

அடுப்பின் கம்பியில் காலுறைகள் காய்ந்துகொண்டிருந்தன. சிவப்புக் கரை போட்டவை. மூன்று ஜோடி. களிமண் அப்பியிருந்தது. ஆறு உள்ளங்கால்களும் கருகிப் பழுப்பேறியிருந்தன. தாரிங்கா எப்போதும் தொங்கப்போடுவது போலவே, ஜோடி ஜோடியாக, இடைவெளி விட்டு.

அவன்தான் அவற்றை அவளுக்குப் போட்டுவிட்டான். பெட்டிக்குள். விறைத்த காலில் ஏறாமல், இழுத்து இழுத்து.

சொல்ல வேண்டிய வார்த்தை அவனுக்குத் தெரியும். இப்போதே சொன்னால் போய்விடுவாள், அதுவும் தெரியும். ஆனால் அந்தக் கூமுட்டை ரூஷா சொன்னாள் என்பதற்காக, ஆளில்லாத அறையில், ஒப்ரெனாவது மன்னிப்புக் கேட்பதாவது? வழக்கமான சிரிப்பை வரவழைக்கப் பார்த்தான். வெறும் மூச்சுதான் வந்தது.

அப்போதுதான் தொடங்கியது. முதலில் விரல் நுனியில் சுருக்கென்று. எறும்பு ஊர்வது போல. பிறகு பாதம் முழுவதும் ஊசி. பிறகு தீ.

செருப்பை உதறினான். காலுறையை உருவினான். பாதத்தைப் பார்த்தான். வெளுத்திருந்தது, கொப்புளம் இல்லை, சிவப்புகூட இல்லை. ஆனால் எரிந்தது. கையும் எரிந்தது. வாளியில் தண்ணீர் இருந்தது, காலை விட்டான். போதவில்லை. தாழ்ப்பாளை இழுத்தான். எரிகிற விரல்களுக்கு அது அசையவில்லை. குளிர்ந்த இடம் வேண்டும். வீட்டில் குளிர்ந்த இடம் ஒன்றுதான்.

நடைக்கு ஓடினான். இருட்டு. காலால் தடவினான். சுவரருகே, பகலில் சூடாக இருந்த டைல் இப்போது சில்லென்று இருந்தது. இரண்டு பாதங்களையும் வைத்தான். உள்ளங்கைகளைச் சுவரில் ஒட்டினான்.

"எரியுது" என்றான்.

அவனுக்குப் பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம்.

முழங்காலின் பின்புறம் பலகை இடித்தது. உட்கார்ந்தான். எதிரே, கீழே, யாரோ மண்டியிட்டார்கள். மண் வாடை. கருகிய கம்பளி வாடை.

ஒரு கை கணுக்காலைப் பிடித்தது. தணல் போல ஒரு கை. முதல் காலுறை ஏறியது. ஈரம். அடுத்த கால். பிறகு இரண்டாவது ஜோடி. அவசரமே இல்லை. அக்கறையாக, சுருக்கம் நீவி நீவி.

"நம்புறேன்" என்று கத்தினான். "தாரிங்கா, நம்புறேன். உனக்கு எரிஞ்சுது. நிஜமா எரிஞ்சுது."

கை நின்றது. இரண்டு ஜோடிக்குள்ளும் விரலை நுழைத்து, அவன் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தது.

"ஐஸ் கட்டியா இருக்கு" என்றது இருட்டு. "எங்க எரியுது?"

மூக்கால் ஒரு சிரிப்பு.

பிறகு இரண்டு கட்டைவிரல்கள் மூன்றாவது ஜோடியின் வாயை விரித்துப் பிடித்தன.

"காலத் தூக்கு."

அவன் தூக்கினான்.