முதுகுக்குப் பின்னால் ஓடியவள்

குளியலறைச் சுவரில் இருந்த கறுப்புப் பூஞ்சணம் காய்ந்து உதிர்ந்திருந்தது. தேவராசாவுக்கு முதலில் சந்தோஷம்தான். லண்டன் ஸ்ட்ரெதமில் இந்த வீட்டை வாங்கிய நாளிலிருந்து பிளீச்சுக்கும் பெயின்ற்றுக்கும் அசைந்து கொடுக்காத பூஞ்சணம் அது. ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தின் தொட்டியை இழுத்துப் பார்த்தார். நவம்பரில் ஒவ்வொரு நாளும் நிரம்பி வழிகிற தொட்டி, துணியால் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அடியில் மட்டும் ஒரு பிடி செம்மணல் கிடந்தது.

வெளியில் ஒரு கிழமையாக மழை விடவில்லை. வீட்டுக்குள் அவருடைய உதடுகள் வெடித்திருந்தன.

கீழே குசினியில் மனைவி மலர் நடமாடும் சத்தம் கேட்டது. கேத்தல் கொதித்தது, கோப்பை ஒன்று தட்டுப்பட்டது. ஒரேயொரு கோப்பைதான். மணிக்கொரு தேத்தண்ணி இல்லாவிட்டால் தலையிடிக்குது என்று நெற்றியைப் பிடிக்கிற யோகமலர், அரிசோனாவிலிருந்து வந்தபிறகு ஒரு மிடறு தண்ணீர் குடித்து அவர் காணவில்லை.

அரிசோனாவில் மகள் றூபினி இருக்கிறாள். லண்டன் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர், அடுத்த வருடத்திலிருந்து குளிர்காலம் முழுக்க மகளோடு பாலைவனத்தில்தான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அங்கே போனதும் போனைப் பிடித்தபடி மெல்லச் சுற்றிப் பனோரமா என்கிற அகலப்படம் எடுக்கிற பைத்தியம் பிடித்தது. மலையைக் கண்டால் சுற்றினார், கள்ளிச்செடியைக் கண்டால் சுற்றினார், சாப்பாட்டுக் கடைக்குள்ளும் பரிசாரகரை ஒதுங்கச் சொல்லிவிட்டுச் சுற்றினார். பிறகு யாரோ ஒரு வித்தை சொல்லிக் கொடுத்தார்கள். இடது ஓரத்தில் ஆளை நிறுத்து. கமெரா அவரைத் தாண்டியதும் அவர் உன் முதுகுக்குப் பின்னால் ஓடி வலது ஓரத்தில் போய் நிற்கட்டும். ஒரே படத்தில் ஒரே ஆள் இரண்டு தரம் விழுவார்.

"எனக்கு முழங்கால் ஏலாது" என்றாள் மலர்.

"சும்மா ஒருக்கா ஓடும் மலர். பிள்ளை பாத்துச் சிரிப்பாள்."

செம்மண் வெளியில், வாடகைக் காருக்குப் பக்கத்தில் அவளை நிறுத்திவிட்டுச் சுற்றத் தொடங்கினார். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. சரியாக அவருடைய முதுகுக்குப் பின்னால் வந்ததும் அந்தச் சத்தம் நின்றது. கண்ணாடியில் பின்பக்கத்தைப் பார்த்துப் பார்த்தே பஸ் ஓட்டிய மனிதர் அன்று மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. படம் குழம்பிவிடும் என்று நினைத்தார். வலது ஓரத்துக்குக் கமெரா வந்தபோது மலர் அங்கே நின்று சிரித்தாள். மூச்சு வாங்கவில்லை.

றூபினி அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து அனுப்பியிருந்தாள். முன்னறைச் சுவரின் பாதியை அது பிடித்துக்கொண்டது. இடது ஓரத்தில் காரின் பின்கதவடியில் ஒரு மலர், வலது ஓரத்தில் சிரிக்கிற மலர். மாட்டிய சில நாளில் இடப்பக்கத்து மலர் முன்சக்கரத்தடியில் நின்றாள். மூக்குக்கண்ணாடியை மாற்ற வேணும் என்று தேவராசா தன்னையே ஏசிக்கொண்டார். பிறகு ஒருநாள் அவள் காரை விட்டு விலகி மணலில் நின்றாள். ஒரு கை பாதி தூக்கியிருந்தது. ஒவ்வொரு காலையிலும் அவள் படத்தின் நடுவை நோக்கிக் கொஞ்சம் வந்திருந்தாள், கொஞ்சம் பெரிதாகியிருந்தாள். முகம் தெரிகிற அளவுக்குக் கிட்ட வந்தபோது அவளுடைய வாய் திறந்திருப்பதைக் கண்டார். உதடுகளில் இரத்தம் காய்ந்திருந்தது.

அன்று தேவராசா சோபாவில் இருந்து அழுதார். தன்னுடைய மனைவியைப் பாலைவனத்தில் விட்டுவிட்டு வேறெதையோ விமானத்தில் பக்கத்தில் இருத்திக் கூட்டி வந்திருக்கிறார்.

ஒரு கிளாஸ் தண்ணீரைப் படத்துக்குக் கீழே வைத்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தபோது கிளாஸ் வறண்டிருந்தது.

"வீணா ஊத்தாதேங்கோ" என்று குசினியிலிருந்து குரல் வந்தது. "உந்தப் படத்தை என்ன எந்நேரமும் பாக்கிறியள்? நான் இஞ்ச நிக்கிறன்தானே."

அவருக்கு ஒரு வழிதான் தெரிந்தது. போன பாதையாலேயே பஸ் திரும்பி வரும். இடமிருந்து வலம் ஓடியதால் போனவள், வலமிருந்து இடம் ஓடினால் வந்துவிட மாட்டாளா? போனில் அம்புக்குறியைத் தட்டினால் திசை மாறும். அடுத்தநாள் பின்னேரம், வெளியே நேரத்தோடு இருட்டிக்கொண்டு வந்தபோது, அவர் முன்னறை நடுவில் நின்று கூப்பிட்டார்.

"மலர், ஒரு படம் எடுப்பமே? நீர் குசினி வாசல்ல நில்லும். நான் திருப்பினதும் பின்னால ஓடி யன்னலடிக்குப் போம்."

மாட்டேன் என்பாள், முழங்காலைச் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தார்.

"ஓம்" என்றாள் அவள். உடனேயே வந்து நின்றாள். அவளிடமிருந்து வெயிலில் காய்ந்த கல்லின் மணம் வந்தது.

போனைத் தூக்கினார். திரையில் அவள் சிரித்தாள். மெல்ல இடப்பக்கம் திரும்பினார். குசினி வாசல் திரையை விட்டுப் போனது. பின்னால் காலடி கேட்டது. கம்பளத்தின் மேல், சரளைக்கல்லில் நடக்கிற சத்தம். அலுமாரி வந்தது. சுவரில் மாட்டியிருந்த படத்தின் வலது ஓரம் வந்தது. சிரிக்கிற மலர் நின்ற இடத்தில் வெறும் மணல்.

காலடி நின்றது.

சரியாக முதுகுக்குப் பின்னால்.

பிடரியில் சூடு. மூச்சு இல்லை. வெறும் சூடு.

அம்புக்குறி இன்னும் இடப்பக்கம் போகச் சொன்னது. போனார். படத்தின் நடுப்பகுதி திரைக்குள் வந்தது.

அவள் வந்து சேர்ந்திருந்தாள். சுவரில், படம் கொள்ளாத அளவுக்கு, அவளுடைய முகம். மலரின் முகம். அவருடைய மலர். இவ்வளவு நாளும் கூப்பிடுகிறாள் என்று நினைத்திருந்த அந்தக் கை இப்போது முழுதாகத் தூக்கியிருந்தது. உள்ளங்கை அவரைப் பார்த்து விரிந்திருந்தது. நடுரோட்டில் பஸ்ஸை மறிக்கிற கை. தண்ணீருக்காகவும் அவள் வரவில்லை, வெளியே வரவும் வரவில்லை. அவரை மறிக்கத்தான் அத்தனை தூரம் நடந்து வந்திருக்கிறாள். கண்கள் அவரைப் பார்க்கவில்லை. அவருடைய தோளுக்கு மேலால் பார்த்தன.

போனை இறக்க முயன்றார். முடியவில்லை.

"இஞ்சாருங்கோ" என்றது பின்னால் மலரின் குரல். "என்னைப் பாருங்கோ."

அவர் பார்க்கவில்லை. கழுத்தை இறுக்கிக்கொண்டு சுவரையே பார்த்தார். மலரின் முகத்தையே பார்த்தார்.

தோளில் ஒரு கை விழுந்தது. காய்ந்த கை. விரல்களுக்கிடையிலிருந்து மணல் அவருடைய நெஞ்சில் வழிந்தது. அவசரப்படாமல், படம் குழம்பாதபடி, அது அவரைத் திருப்பத் தொடங்கியது. மணல்வெளி நகர்ந்தது. மலரின் முகம் நகர்ந்து கண்ணின் ஓரத்துக்குப் போனது. கடைசியாக அவருக்குத் தெரிந்தது விரிந்தபடியே நின்ற அவளுடைய உள்ளங்கை.